தோல்வியை எழுத அனுமதியுங்கள்

ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களின் அலமாரிகளில் ஆண்டுதோறும் சேரும் செயல் ஆராய்ச்சி அறிக்கைகளில் ஏதாவது ஒன்றை உருவிப் பாருங்கள். ‘மூன்றாம் வகுப்பு மாணவர்களின் வாசிப்புத் திறனை மின்னட்டைகள் வழியே மேம்படுத்துதல்’ என்பது போல ஒரு தலைப்பு இருக்கும். முன்தேர்வில் பிள்ளைகள் பின்தங்கியிருப்பார்கள். சில வாரங்கள் புதிய உத்தி ஒன்று கையாளப்பட்டிருக்கும். பின்தேர்வில் மதிப்பெண் ஏறியிருக்கும். ஒரு பட்டை வரைபடம், இரண்டு புகைப்படம், கடைசிப் பக்கத்தில் ‘இவ்வுத்தி பயனுள்ளதெனக் கண்டறியப்பட்டது’ என்ற முடிவு. பயனில்லை என்று முடிந்த அறிக்கை ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் விரல் தேய்ந்துவிடும்.

இத்தனை உத்திகள் இத்தனை வகுப்புகளில் வென்றிருந்தால் நம் பிள்ளைகள் எப்போதோ தேறியிருக்க வேண்டும். பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ‘அசர்’ கணக்கெடுப்பு வேறு கதை சொல்கிறது. 2024-ல் நாட்டின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 23.4 விழுக்காடு. ஐந்தாம் வகுப்பில் 44.8 விழுக்காடு. ஐந்தாண்டு பள்ளிக்கு வந்துபோன பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாம் வகுப்புப் பத்தியிலேயே தடுக்கி நிற்கிறார்கள். அறிக்கையும் பிள்ளையும் ஒரே மாதிரியான வகுப்பறைகளிலிருந்துதான் வருகிறார்கள். இருவரில் ஒருவர் உண்மை பேசவில்லை. அது பிள்ளை இல்லை.

வெற்றியை மட்டுமே எழுத இடம்கொடுக்கும் ஆராய்ச்சி ஒரு பொய்ச்சாட்சி. அதை எழுதும் ஆசிரியரைவிட, அதை அப்படித்தான் எழுத வேண்டும் என்று பழக்கிய அமைப்பே முதல் குற்றவாளி. இந்தத் தலையங்கத்தின் தீர்ப்பு இதுதான். காரணங்களைச் சொல்கிறோம்.

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன உளவியலாளர் கர்ட் லெவின், 1946-ல் எழுதிய கட்டுரையில் செயல் ஆராய்ச்சிக்கு வடிவம் கொடுத்தார். திட்டமிடு, செய், என்ன நடந்தது என்று பார், பார்த்ததை வைத்துத் திட்டத்தைத் திருத்து, மறுபடி செய். ஸ்டீபன் கோரி 1953-ல் அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். பிரிட்டனில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்: பாடத்திட்டம் வேலை செய்கிறதா என்பதை வகுப்பில் நிற்கும் ஆசிரியரே சோதிக்க வேண்டும் என்றார். இந்தச் சுற்றின் உயிர் மூன்றாவது படியில் இருக்கிறது. ‘என்ன நடந்தது என்று பார்.’ எதிர்பார்த்தது நடக்காதபோதுதான் அந்தப் படிக்கு வேலையே வருகிறது. நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததே என்றால் நான்காவது படியும் வேண்டாம், இரண்டாவது சுற்றும் வேண்டாம். நம் அறிக்கைகள் ஒரே சுற்றில் முடிந்துபோவதன் ரகசியம் இதுதான்.

உண்மையான கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் இடத்தைக் காட்டுவோம். புனேயிலிருந்து லோணாவளா போகும் லோக்கல் ரயிலில் தாபோடியை அடுத்து வருவது கசார்வாடி. பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியைச் சேர்ந்த பகுதி. பக்கத்தில் நாசிக் பாட்டா சந்திப்பு. 2022 மார்ச் 6 முதல் மெட்ரோவும் நிற்கிறது. 1954-ல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டதும், பிறகு டெல்கோவும் பஜாஜும் வந்ததும் இந்தப் பட்டையைத் தொழில் நகரமாக்கின. வேலை தேடி வந்தவர்கள் மராட்டியத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்தும், உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்தும், கர்நாடகம், ஆந்திரம், தமிழகத்திலிருந்தும் வந்தார்கள். கட்கியிலும் தேஹு ரோடிலும் தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்வது நம் வாசகர்கள் அறிந்ததுதான். இந்தப் பகுதிகளில் ஒரு மராத்தி வழி வகுப்பில் நாலைந்து வீட்டு மொழிகள் உட்கார்ந்திருப்பது சாதாரணம்.

அப்படி ஒரு வகுப்பில் கணக்குச் சொல்லெழுத்து நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியை ‘பேச்சாளீஸ்’ என்கிறார். மராத்தியில் நாற்பத்திரண்டு. அந்த மொழி முதலில் இரண்டைச் சொல்கிறது, பிறகு நாற்பதைச் சொல்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பத்து முந்தும், ஒன்று பிந்தும். காதில் விழுந்த வரிசையிலேயே எழுதிப் பழகிய பிள்ளை முதலில் 2 போடுகிறது, பக்கத்தில் 4 போடுகிறது. நோட்டில் 24 நிற்கிறது. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழுகிறது. பத்துக் கணக்கில் நாலு இப்படித் தப்பினால் ‘கணக்கில் மந்தம்’ என்று பெயர் வந்துவிடும். அந்தப் பெயர் அடுத்த வகுப்புக்கும் கூடவே போகும்.

மராத்தியே பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் இந்தச் சிக்கல் இல்லாமல் இல்லை. ஜெர்மன் மொழியிலும் ஒன்று முந்தும் வழக்கம் உண்டு. அங்கும் சிறு வகுப்புப் பிள்ளைகள் இலக்கங்களை இடம் மாற்றி எழுதுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இங்கே செயல் ஆராய்ச்சி என்றால் என்ன? ஆசிரியை சிவப்புக் குறி போடுவதை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, தப்பான விடைகளைத் தனி நோட்டில் அப்படியே எழுதிவைப்பது. எத்தனை தப்பு இலக்கம் புரண்டதால் வந்தது, எத்தனை வேறு காரணத்தால் வந்தது என்று பிரிப்பது. காதால் கேட்டு எழுதும்போது மட்டும் புரள்கிறதா, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போதும் புரள்கிறதா என்று சோதிப்பது. பிறகு பத்துக் குச்சிக் கட்டுகளை முதலில் எடுத்துவைத்து, உதிரிக் குச்சிகளைப் பின்னால் வைத்து, அப்புறம் எழுதச் சொல்வது. இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்பது. சிலருக்குச் சரியாகிவிடும். இரண்டு பேருக்குச் சரியாகாது. அந்த இருவரில் ஒருத்தி தீபாவளிக்குப் பிறகு ஊர்விட்டு வந்து பாதி ஆண்டில் சேர்ந்தவளாக இருக்கலாம், இடமதிப்பே அவளுக்கு யாரும் சொல்லித்தராமல் விடுபட்டிருக்கலாம். அவள் பிரச்சினை எண்ணின் பெயரில் இல்லை, விடுபட்ட மாதங்களில் இருக்கிறது. குச்சிக்கட்டு அவளிடம் தோற்றதால்தான் இது தெரியவருகிறது. ‘90 விழுக்காடு மாணவர் முன்னேற்றம்’ என்று எழுதி மூடும் அறிக்கையில் அவள் மீதிப் பத்து விழுக்காடாகிக் காணாமல் போவாள். தோல்வியை எழுதும் அறிக்கையில்தான் அவளுக்கு ஒரு வரி கிடைக்கும்.

இந்த எண் விவகாரம் கற்பனை இல்லை. புனேயில் இயங்கும் மராட்டியப் பாடநூல் நிறுவனமான பால்பாரதி, 2019-ல் இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் எண்களைப் பத்து முந்தும்படி வாசிக்கும் முறையைக் கொண்டுவந்தது. இருபத்தொன்றை ‘ஏக்வீஸ்’ என்பதோடு ‘வீஸ் ஏக்’ என்றும் சொல்லலாம் என்றது. கூட்டெழுத்துகள் நிறைந்த பழைய பெயர்களில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்பது கணிதக் குழுவின் தலைவர் மங்களா நார்லிகர் தந்த விளக்கம். உடனே புயல் கிளம்பியது. மொழி சிதைகிறது என்றார்கள். தொலைக்காட்சிகள் கூடின. சட்டமன்றத்தில் பெயர்களை வைத்து நகைச்சுவை நடந்தது. புதிய முறை நல்லதா கெட்டதா என்பதில் இந்தத் தலையங்கத்துக்குத் தீர்ப்பில்லை. இரண்டு தரப்பும் உரக்கப் பேசிய அந்த வாரங்களில், இத்தனை வகுப்பறைகளில் இத்தனை ஆசிரியர்கள் இப்படிச் செய்து பார்த்தார்கள், இன்னது நடந்தது என்ற சாட்சியம் விவாதத்தின் நடுவே வந்து உட்காரவில்லை என்பதே நம் வருத்தம். மாநிலம் முழுக்கச் செயல் ஆராய்ச்சி நடப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் அமைப்பில், தேவைப்பட்ட நாளில் அலமாரிக்குள் கைவிட்டு எடுக்க ஏன் எதுவும் இல்லை?

2025-ல் மராட்டியத்தில் அதே கதை வேறு உடையில் வந்தது. முதல் வகுப்பிலிருந்து மூன்றாம் மொழியாக இந்தி என்று ஏப்ரல் 16-ல் ஓர் அரசாணை. எதிர்ப்பு கிளம்பியதும் ஜூன் 17-ல் திருத்திய அரசாணை. ஜூன் 29-ல் இரண்டையும் திரும்பப் பெற்றார்கள். அதற்குப் பிறகு ஆராய நரேந்திர ஜாதவ் தலைமையில் குழு. முதலில் ஆணை, கடைசியில் ஆராய்ச்சி. மூன்று மாதத்துக்குள் ஆறு வயதுப் பிள்ளையின் பாடவேளை மூன்று முறை மாறியது, காகிதத்தில். அந்த வயதில் ஒரு மொழி கூடினால் வகுப்பில் என்ன ஆகிறது என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் ஆசிரியர்கள். அவர்களிடம் கேட்பது கடைசி வேலையாக இருந்தது.

இதே புனேயில் இதற்கு நேர்மாறான முன்னுதாரணம் இருக்கிறது என்பதால்தான் குற்றம் இன்னும் கனக்கிறது. கோத்தாரி கல்விக் குழுவின் உறுப்பினர்-செயலராக இருந்த ஜே.பி. நாயக், 1948-ல் மும்பையில் இந்தியக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார். 1976-ல் அது புனேக்கு வந்தது. அங்கிருந்து சித்ரா நாயக் 1979-ல் புனே மாவட்டக் கிராமங்களில் ஒரு செயல் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பள்ளிக்கு வராத, அல்லது வந்து நின்றுபோன, ஒன்பது முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்பது கேள்வி. மாடு மேய்ப்பது, விறகு பொறுக்குவது, தம்பி தங்கையைத் தூக்கிவைத்திருப்பது என்று பகல் முழுக்க வேலை. அதிலும் பெண்பிள்ளைகளே அதிகம். பகலில் வர முடியாதென்றால் பள்ளி மாலையில் கூடட்டும் என்றார்கள். ஊரிலேயே ஓரளவு படித்தவர்கள் பாடம் சொன்னார்கள். பாடப்பொருள் பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டது. தேர்வுக்குப் பதிலாக ‘பால் ஜாத்ரா’, அதாவது பிள்ளைகள் திருவிழா. பல ஊர்ப் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடி, ஒருவர் கற்றதை இன்னொருவர் பார்த்து மதிப்பிட்டார்கள்.

அந்த முயற்சியின் பெருமை மாலை வகுப்பில் இல்லை; மாலை வகுப்பு எங்கும் நடந்திருக்கிறது. பிள்ளை பள்ளிக்குப் பொருந்தவில்லை என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், பள்ளி பிள்ளைக்குப் பொருந்தவில்லை என்று எழுத அதற்குத் துணிவிருந்தது. ஆராய்ச்சியாளர் தன் பக்கத் தோல்வியை முதல் தரவாக எடுத்துக்கொண்டார். பழங்குடிச் சேரிகளில் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்றதும் பள்ளியையே அவர்கள் மாடு மேய்க்கும் புல்வெளிக்குக் கொண்டுபோன தாராபாய் மோடக், அனுதாய் வாக் ஆகியோரின் வழியும் இதுவே. அந்த மண்ணில்தான் இன்று செயல் ஆராய்ச்சி ஒரு படிவமாகக் குறுகியிருக்கிறது.

தோல்வியை வெளியில் சொன்னால் மானம் போகுமே என்பவர்களுக்கு இன்னொரு சான்று. பிரதம் அமைப்பின் வாசிப்புத் திட்டத்தை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலிய பொருளியலாளர்கள் பீகாரிலும் உத்தராகண்டிலும் சோதித்தார்கள். இது செயல் ஆராய்ச்சி இல்லை, வெளியிலிருந்து வந்து அளந்த ஆய்வு. பீகாரில் புத்தகமும் அட்டையும் மட்டும் கொடுத்த பள்ளிகளில் பலனில்லை. பயிற்சியும் சேர்த்துக் கொடுத்த பள்ளிகளிலும் பலனில்லை. உத்தராகண்டில் தன்னார்வலர்களை அனுப்பியும் பலனில்லை. அவர்கள் வழக்கமான வகுப்பு எடுக்கும் ஆளாகக் கரைந்துபோனார்கள். ஆனால் பீகாரில் அதே அரசு ஆசிரியர்கள் கோடை முகாமில் அதே முறையைக் கையாண்டபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். இவ்வளவும் மறைக்காமல் அச்சானது. ஆசிரியருக்குத் திறமை இருக்கிறது, பாடத்தை முடிக்கும் ஓட்டம்தான் அவரை விடவில்லை என்ற முடிவு அந்தத் தோல்விகளிலிருந்தே கிடைத்தது. அதன்பிறகு ஹரியானாவில் 2012-13-ல் அன்றாடம் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகளை வகுப்புப்படி பிரிக்காமல் வாசிப்பு நிலைப்படி பிரித்து, மேற்பார்வையும் சேர்த்தபோது வாசிப்பு உயர்ந்தது. நம் ஊர் அறிக்கை பாணியில் பீகாரிலேயே ‘பயனுள்ளதெனக் கண்டறியப்பட்டது’ என்று எழுதியிருந்தால் ஹரியானா நடந்திருக்காது.

தமிழகம் இதில் கைகட்டி நின்று வேடிக்கை பார்க்க முடியாது. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ஆணையர் எம்.பி. விஜயகுமார் தொடங்கிவைத்த செயல்வழிக் கற்றல், வகுப்பறையில் முளைத்த நல்ல முயற்சி. ஆசிரியர்கள் ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தார்கள், வந்து அட்டைகளை எழுதினார்கள், வகுப்பில் வைத்துத் திருத்தினார்கள். நாற்காலி போனது, பாய் வந்தது. 2007-08-ல் அது மாநிலம் முழுக்கப் போனது. அப்படிப் போனபோது அட்டையும் ஏணிப்படியும் சுவரோடு ஒட்டிய தாழ்ந்த கரும்பலகையும் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தன. அவற்றை உண்டாக்கிய சுதந்திரம் போய்ச் சேரவில்லை. பதின்மூன்று பள்ளி ஆசிரியர்கள் எழுதித் திருத்திய அட்டை, பல்லாயிரம் பள்ளி ஆசிரியர்களுக்கு மாற்றக்கூடாத உத்தரவானது. ‘என் வகுப்பில் இந்தப் படி ஓடவில்லை’ என்று சொன்னவர் ஒத்துழைக்காதவராகப் பார்க்கப்பட்டார். இன்று ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நடக்கிறது. அதைப் பற்றியும் ஓர் ஆசிரியர் இது என் பிள்ளைகளிடம் எடுபடவில்லை என்று பெயர் போட்டு எழுத முடியுமா? முடியும் என்று அதிகாரிகள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

குற்றத்தை வரிசைப்படுத்துவோம். முதல் இடம் கல்வித் துறைக்கு. ஆசிரியரை மதிப்பிடும் கூட்டத்தில் ‘எத்தனை விழுக்காடு முன்னேற்றம்’ என்பதை மட்டுமே கேட்கும் துறை, எண்ணை ஏற்றி எழுதும் பழக்கத்தைத் தானே வளர்க்கிறது. மருந்து கேட்கவில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதினால் சம்பளம் வெட்டப்படும் மருத்துவமனையில் எல்லா நோயாளியும் குணமாகித்தான் போவார்கள், சுடுகாட்டுக்குப் போகிறவர் உட்பட. இரண்டாம் இடம் கல்வியியல் கல்லூரிகளுக்கும் பயிற்சி நிறுவனங்களுக்கும். 1986 கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக வந்த மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்களான ‘டயட்’கள், ஆசிரியரின் கேள்விக்குத் துணை நிற்கவே உருவாக்கப்பட்டவை. அவை அறிக்கையின் எழுத்துரு, ஓர இடைவெளி, ஸ்பைரல் பைண்டிங் ஆகியவற்றில் காட்டும் கண்டிப்பில் பாதியை உள்ளே இருக்கும் எண் எங்கிருந்து வந்தது என்பதில் காட்டவில்லை. போன ஆண்டு அறிக்கையில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தாலும் மதிப்பெண் விழுகிறது என்பது பி.எட். படித்த எவருக்கும் தெரிந்த ரகசியம்.

மூன்றாம் இடம் ஆசிரியருக்கு. அவருக்குத் தண்டனையைக் குறைக்கலாம், விடுதலை தர முடியாது. அவர் சொல்லும் சாக்கு பொய்யில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணியில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. தேர்தல் என்ற அந்த விலக்கின் வழியாகவே வாக்காளர் பட்டியல் வேலை ஆண்டு முழுக்க வந்து நிற்கிறது. அதற்கு மேல் தமிழகத்தில் ‘எமிஸ்’, மராட்டியத்தில் ‘சரல்’ என்று கணினிப் பதிவு. இவ்வளவுக்கும் நடுவே ஆராய்ச்சிக்கு ஏது நேரம் என்பது நியாயமான கேள்வி. ‘நேரமில்லை, செய்யவில்லை’ என்று எழுதியிருந்தால் அந்த நியாயம் முழுமையாக நிற்கும். செய்யாததைச் செய்ததாக எழுதியபோது அது சரிகிறது. முன்தேர்வே நடத்தாமல் முன்தேர்வு மதிப்பெண் எழுதும் கை, அந்த அட்டவணையில் பெயருள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் துரோகம் செய்கிறது. தேறிவிட்டாள் என்று பதிவான பிள்ளைக்கு அதற்குப் பிறகு யாரும் உதவிக்கு வரமாட்டார்கள்.

ஆராய்ச்சி என்று பெயர் வைக்காமலே இந்த வேலையைச் செய்துவரும் ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தப்பு விடைகளைத் தனி நோட்டில் குறித்து, யாருக்கு எது ஏன் எட்டவில்லை என்று மண்டையைக் குடைந்துகொள்கிறவர்கள். அவர்களுடைய நோட்டுக்கு எந்தக் கூட்டத்திலும் இடமில்லை. முதல் சேதம் அவர்களுக்குத்தான். பொய் அறிக்கை பாராட்டுச் சான்றிதழ் வாங்கும் இடத்தில் உண்மை நோட்டு கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுகிறது.

என்ன செய்ய வேண்டும் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. செயல் ஆராய்ச்சியைப் பதவி உயர்வோடும் தரப் பட்டியலோடும் கட்டிவைப்பதை நிறுத்துங்கள். கட்டாயம் என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். செய்ய விரும்பும் ஆசிரியருக்கு வாரம் ஒரு பாடவேளையை விடுவித்துக் கொடுங்கள். ஒவ்வொரு டயட்டும் ஆண்டுக்கு ஒரு தொகுப்பு வெளியிடட்டும், அதில் எடுபடாத முயற்சிகளுக்குத் தனிப் பகுதி இருக்கட்டும். ஆசிரியர் கண்டதை எழுதிக் கொடுத்தால், அதற்குத் துறை என்ன செய்தது, அல்லது ஏன் எதுவும் செய்யவில்லை என்று குறித்த காலத்துக்குள் எழுத்தில் பதில் சொல்லட்டும். கேள்வி கேட்கும் கடமை ஆசிரியருக்கு என்றால் பதில் சொல்லும் கடமை அதிகாரிக்கு.

ஒன்றை மறக்கக் கூடாது. முயற்சி நடப்பது பிள்ளைகள் மேல். அவர்களுக்குத் தெரியாமல், பெற்றோருக்குச் சொல்லாமல் செய்வது எவ்வளவு நல்ல நோக்கமானாலும் முறையாகாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தலைமை ஆசிரியர் நீட்டும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதோடு அந்தக் குழுவின் வேலை முடியக் கூடாது. என்ன செய்து பார்க்கப் போகிறோம், என்ன நடந்தது, யாருக்கு இன்னும் எட்டவில்லை என்று அவர்கள் மொழியில் அவர்கள் முன் சொல்லப்பட வேண்டும். கசார்வாடியில் அது மராத்தியோடு நிற்காது. இந்தியிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லட்டும்.

பள்ளியைத் திருத்த ஆராய்ச்சி வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. பள்ளி திருந்திவிட்டது என்று காட்டுவதற்கு ஆராய்ச்சி வேண்டாம். இதுவரை எழுதிய வெற்றிகளுக்காக யாரையும் தோண்டித் துருவ வேண்டியதில்லை; அடுத்த கல்வியாண்டின் முதல் அறிக்கை, ‘இதைச் செய்து பார்த்தேன், பலிக்கவில்லை, காரணம் இதுவாக இருக்கலாம்’ என்று தொடங்கட்டும். அதை எழுதிய ஆசிரியரை மேடையேற்றிக் கைதட்டத் துறைக்கு மனம் வராவிட்டால், செயல் ஆராய்ச்சி என்ற பெயரில் செலவிடும் பணத்துக்குச் சாக்பீஸ் வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு அதுவாவது உதவும்.